பதினேழு நயாகராவும் ஒரு மூடுபனியும்

பிரிட்ஜ்வாட்டர் ஜம்புநாதன் நயாகரா நீர்வீழ்ச்சிக்குப் பதினேழு முறை போனவர். அதை மொத்தமாக இருபது நிமிடம் பார்த்தவர். இந்த இரண்டு தகவல்களுக்கும் நடுவே உள்ள பள்ளத்துக்குப் பெயர் பார்க்கிங்.

எண்பதுகளில் பிரிட்ஜ்வாட்டர் மாதிரி நியூ ஜெர்சி ஊர்களில் வீடு வாங்கிய தமிழர் ஒவ்வொருவருக்கும் மே முதல் செப்டம்பர் வரை ஒரு தர்மம் விதிக்கப்பட்டிருந்தது. ஊரிலிருந்து அப்பா அம்மா வருவார்கள். அவர்கள் கிளம்பியதும் மாமனார் மாமியார். அவர்களும் கிளம்பியதும், ‘உங்கள் வீடு நியூயார்க்குக்குப் பக்கம் என்று கேள்விப்பட்டோம்’ என்று கடிதம் போட்டுவிட்டு அத்தானின் சம்பந்தி வருவார். வந்தவர்களை முதலில் நியூயார்க் ஃப்ளஷிங் கோயில் பிள்ளையாருக்குக் காட்ட வேண்டும். அடுத்து சுதந்திர தேவிக்குக் காட்ட வேண்டும். பிறகு புளியோதரை ஒரு தூக்கு, தயிர்சாதம் ஒரு தூக்கு, நடுவில் ஐஸ் பெட்டி என்று ஸ்டேஷன் வேகனில் அடுக்கி, எட்டு மணி நேரம் ஓட்டிப்போய் நயாகராவுக்குக் காட்ட வேண்டும். இதைச் செய்யாதவன் கிரீன் கார்டு வைத்திருந்து என்ன புண்ணியம் என்று திருச்சியில் கேட்பார்கள்.

ஜம்புநாதன் இந்த தர்மத்தில் ஒரு நாளும் வழுவவில்லை. அருவியின் இரைச்சல் கேட்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, உறவினர்களை இறக்கிவிட்டு, “நீங்க பாத்துட்டே இருங்க, பார்க் பண்ணிட்டு வந்துடறேன்” என்பார். பார்க்கிங் ஒரு மைல் தள்ளிக் கிடைக்கும். அவர் மூச்சிரைக்கத் திரும்பி வரும்போது உறவினர்கள் நனைந்து, பசித்து, பாத்ரூம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்ப்பார். நீர் விழுந்துகொண்டிருப்பதை உறுதி செய்துகொள்வார். பிறகு வண்டியை எடுத்துவரப் போய்விடுவார்.

அவர் மனைவி ருக்மிணியின் நிலைமை இதைவிட நுட்பமானது. எட்டு மணி நேரமும் முன் சீட்டில், ஆட்டோ கிளப் கொடுத்த சுருள் மேப்பை மடியில் விரித்துக்கொண்டு, நெடுஞ்சாலையை விட்டு இறங்க அடுத்த எக்ஸிட் எது என்று சொல்லிவருவது அவள் வேலை. ஆகவே அவள் அறிந்த அமெரிக்கா முழுவதும் அந்தத் தாளில் ஆரஞ்சு நிறக் கோடாக ஓடியது. அருவிக்கரையில் அவளும் பதினேழு முறை நின்றிருக்கிறாள், மாமியாரின் கைப்பை, மாமனாரின் ஸ்வெட்டர், ஏழெட்டு பிளாஸ்டிக் மழைக்கோட்டு சகிதமாக. ஆனால் அவள் பார்த்தது அருவியை அல்ல. முதுகைத் திருப்பி நின்று, கார்கள் நிற்கும் பக்கமிருந்து வரும் கூட்டத்தில் ஒரு வழுக்கைத் தலை தென்படுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜம்புநாதன் தொழிலால் பொறியாளர். நெடுஞ்சாலையில் எக்ஸிட் வருவதற்கு எத்தனை அடி முன்னால் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும் என்று கணக்கிடும் அலுவலகத்தில் பதினான்கு வருடமாக இருந்தார். உலகம் அவருக்கு, வரப்போகும் ஒன்றைப் பற்றிய எச்சரிக்கைகளால் ஆனது. வந்தேவிட்ட ஒன்றை என்ன செய்வது என்பதற்கு அலுவலகத்தில் வழிகாட்டுதல் ஏதும் இல்லை.

ருக்மிணி ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனிஸ்ட். அந்த டாக்டருக்கு அயர்லாந்தின் மேல் பக்தி. அவர் மாட்டியிருந்த காலண்டரில் செப்டம்பர் மாதத்துக்கு மோஹர் பாறைகளின் படம் இருந்தது. கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் கரும்பாறை, ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ புடவையைக் கொசுவி வைத்ததுபோல. வருடம் முடிந்தும் டாக்டர் அந்தத் தாளைக் கழற்றவில்லை. மூன்று வருடமாக அந்த அறையில் செப்டம்பரே நடந்துகொண்டிருந்தது. ஒரு டெலிபோனுக்கும் அடுத்த டெலிபோனுக்கும் நடுவே ருக்மிணி அந்தப் பாறை விளிம்பில் போய் நின்றுவிட்டு வருவாள்.

1986 ஏப்ரலில், கல்யாணமாகிப் பதினைந்தாவது வருடம் நெருங்கும் சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னாள்: “இந்த வருஷம் எனக்கு நகை கிகை எதுவும் வேணாம்.”

“சரி,” என்றார் ஜம்புநாதன், கொஞ்சம் அவசரமாகவே.

“ஒரு எடத்துக்குப் போகணும். நீங்க ட்ரைவ் பண்ணக் கூடாது. நான் மேப் பாக்க மாட்டேன். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து, ஒரே எடத்த, ஒரே நேரத்துல பாக்கணும். அவ்ளோதான்.”

“ட்ரைவ் பண்ணாம எப்படிப் போறது?”

“பஸ்ஸுல.”

“பஸ்ஸுலயா? ஸ்டேஷன் வேகன வித்துட்டோம்னு நெனச்சுக்குவாங்க.”

“யாரும் பாக்காத ஊராத்தான் சொல்றேன். அயர்லாந்து.”

ஜம்புநாதன் யோசித்தார். அந்த ஊரில் வண்டிகள் இடப்பக்கம் போகும் என்பதும், வலப்பக்கமே ஓட்டிய பதினான்கு வருடப் பழக்கத்துக்குப் பிறகு தன்னால் அங்கே ஓட்ட முடியாது என்பதும் நினைவுக்கு வந்தன. அவள் இதையும் கணக்கிட்டுத்தான் ஊரைத் தேர்ந்திருக்கிறாள் என்று புரிந்தது. தப்பிக்க எக்ஸிட் இல்லை.

ஜூலையில், ஐந்து நாள் பயணமாகக் கிளம்பினார்கள். பதினொரு வயது மகள் நாகலக்ஷ்மியை, பள்ளிக்கூடத்தில் சுருக்கமாக நாகி, வெஸ்ட் வின்ட்சரில் இருந்த குடும்ப நண்பர் மேர்சியின் வீட்டில் விட்டார்கள். வாசலில் வைத்தே குழந்தை தீர்க்கதரிசனம் சொன்னாள்: “அம்மா, ஹி வோன்ட் லாஸ்ட். அப்பா டஸ்ன்ட் நோ ஹவ் டு சிட்.”

“நாகி சொல்றது கரெக்ட்தான் அண்ணா,” என்றாள் மேர்சி. “எங்க வீட்டு சோஃபாவுலயே நீங்க சீட் பெல்ட்டத் தேடுற ஆளு.”

ஜம்புநாதன் இதை மறுக்கவில்லை. அவருக்கே பயம்தான்.

அயர்லாந்தின் கால்வே நகரத்திலிருந்து காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டது கோச் எனப்படும் சுற்றுலா பஸ். நாற்பது பேர், பெரும்பாலும் ஓஹையோவிலிருந்து மூதாதையரைத் தேடிவந்த ரிட்டயர்டு தம்பதிகள். டிரைவர் டோனல், அறுபது வயதுக்காரர், சிவந்த கன்னம். ஓட்டிக்கொண்டே ஒலிபெருக்கியில் கதை சொல்லுவார், கதை தீர்ந்தால் பாடுவார். ஜம்புநாதன் முன்வரிசையில் கதவுக்குப் பின்னால் இடம் பிடித்தார். “இங்கதான் வியூ நல்லா இருக்கும்” என்று ருக்மிணியிடம் சொன்னார். அவர் வியூ என்று சொன்னது சாலையை.

முதல் வளைவிலேயே அவருடைய வலது கால் பிரேக் போட்டது. தரையில் பிரேக் இல்லை. அதற்காகக் கால் தன் கடமையை விட்டுவிடவில்லை. எதிரே ஒரு டிராக்டர் வந்தது, அவர் கணக்குப்படி தவறான பக்கத்தில். ஜம்புநாதன் ‘ஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தார். டிராக்டர் சாவகாசமாகப் போனது. அடுத்து ஒரு பால் லாரி. மறுபடி ‘ஸ்’. ஒலிபெருக்கியின் மைக் அவருக்கு மிக அருகில் இருந்ததால், டோனல் பாடிய சோகப் பாட்டு ஒன்றுக்கு இந்த ‘ஸ்’ தாளம்போலச் சேர்ந்து கடைசி வரிசை வரை கேட்டது.

வலப்பக்கம் கடல் வந்துவிட்டிருந்தது. ஈயமும் பாலும் கலந்த நிறத்தில், சாலையோடு கூடவே நடந்துவந்தது. இடப்பக்கம் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள், படிப்படியாக, மரம் ஒன்றுகூட இல்லாமல், நிலவிலிருந்து இறக்கிவைத்தவைபோல.

“கடல் அந்தப் பக்கம்,” என்றாள் ருக்மிணி.

“பாக்கறேன், பாக்கறேன். முன்னாடி ஒரு வளைவு வருது.”

“வளைவ அவரு பாத்துப்பாருங்க.”

“அந்தாள் பாடறாரே ருக்கு.”

பிறகு சாலைப் பலகைகள் அவரைப் படுத்தின. ஒரு பலகையில் தூரம் மைலில் இருந்தது, அடுத்ததில் கிலோமீட்டரில். போகிற ஊர், ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் நடுவே தள்ளிப் போய்விட்டது. இதைக் கண்டு ஒரு பொறியாளன் படும் வேதனையைக் கடலால் ஆற்ற முடியாது. ஒன்றரை மணி நேரத்தில் ஜம்புநாதன் நாற்பத்தொரு பலகைகளையும் பன்னிரண்டு ஆபத்தான வளைவுகளையும் பார்த்திருந்தார். அட்லாண்டிக் சமுத்திரம் அவர் கண்ணில் படவில்லை. ருக்மிணி மடியில் கையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். மேப் இல்லாத மடியில் அவளுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஒரு சிறு கடற்கரைக் கடை முன்னால் கோச் நின்றது. எல்லோரும் டீ குடிக்க இறங்கினார்கள். டோனல் ஜம்புநாதன் அருகில் வந்து, பக்கத்துவீட்டுக்காரர்போலத் தோளில் கைவைத்து, ஆங்கிலத்தில் மென்மையாகச் சொன்னார்:

“ஐயா, இந்த வண்டிக்கு நாம் இரண்டு பேரும் பிரேக் போடுகிறோம். எனக்கு இது முப்பத்தோராவது வருடம். இன்றைக்குத்தான் என் கால் குழம்புகிறது. கடைசி வரிசை காலியாக இருக்கிறது. அங்கே ஜன்னல் பெரியது.”

“அங்கிருந்து சாலை தெரியுமா?”

“தெரியாது. அதுதான் அதன் விசேஷம்.”

ஜம்புநாதன் பணியிறக்கம் செய்யப்பட்ட அதிகாரிபோல நடந்து கடைசி வரிசைக்குப் போனார். ருக்மிணி பின்னாலேயே போனாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. ஜன்னலோரம் அவரை உட்காரவைத்தாள். கோச் கிளம்பியது. முன்னால் இருந்தவை எல்லாம் நரைத்த தலைகள். சாலை எங்கேயும் இல்லை. அவருடைய வலது கால் இரண்டு முறை பிரேக்கைத் தேடியது. மூன்றாவது முறை தேடவில்லை.

“அதோ பாருங்க, மூணு தீவு,” என்றாள் ருக்மிணி. “தண்ணில தோசை வார்த்த மாதிரி தட்டையா இருக்கு பாருங்க.”

அவள் தோளில் ஒரு பாரம் இறங்கியது. பதினான்கு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும், ஒவ்வொரு லாங் வீக்எண்டும், கென்னடி விமான நிலையத்துக்குப் போன ஒவ்வொரு விடிகாலையும் தூங்காமல் சேர்த்துவைத்திருந்த தூக்கம் அத்தனையும் ஒரே தவணையில் வந்துவிட்டது.

அவர் கண்ட கனவை ருக்மிணியிடம் பிற்பாடு சொன்னார். அதனால் அது ஆதாரபூர்வமானது. கார்டன் ஸ்டேட் பார்க்வே என்கிற நியூ ஜெர்சி நெடுஞ்சாலை கடலுக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அலைகளின் மேல் எக்ஸிட் பலகைகள் மிதந்தன. எதிலும் எண் இல்லை. சுங்கச்சாவடிகளில் ஆள் இல்லாமல் பனி உட்கார்ந்திருந்தது, எல்லோரையும் போகலாம் போகலாம் என்றது. நீளமான ஒரு வண்டியில் அவர் இதுவரை கூட்டிப்போன உறவினர்கள் எல்லோரும் இருந்தார்கள்: அப்பா, மாமனார், அத்தானின் சம்பந்தி, யாருக்கும் பசிக்கவில்லை, யாரும் பாத்ரூம் கேட்கவில்லை. யார் ஓட்டுகிறார்கள் என்று அவர் எட்டிப் பார்த்தார். டிரைவர் சீட்டில் ஒருவரும் இல்லை. ஸ்டீயரிங் தானாக, நிதானமாக, நீரோட்டம் திருப்புவதுபோலத் திரும்பிக்கொண்டிருந்தது. கனவிலும் அவர் ஒரு கணம் பதறினார். பிறகு, சரி, கடல்தான் ஓட்டுகிறது, அதற்கு வழி தெரியும் என்று தோன்றியது. தூரத்தில் யாரோ ஒரு சோகப் பாட்டைப் பாடினார்கள். அதில் தாளம் இல்லை.

கோச் மோஹர் பாறைகளை அடைந்தபோது பகல் ஒரு மணி. டோனல் ஒரு மணி நேரம் கொடுத்தார். ஓஹையோ மொத்தமும் காமிராவோடு இறங்கியது. ருக்மிணி இறங்கவில்லை.

மூன்று வருட செப்டம்பர், மூவாயிரம் மைல், ஒரே ஒரு கோரிக்கை. கைக்கெட்டும் தூரத்தில் பாறை, தோளில் கணவர். எழுப்ப வேண்டியதுதான் பாக்கி. “என்னங்க,” என்றாள், எழுப்பாத ஒரு குரலில். பிறகு இன்னொரு முறை சொல்ல வாயைத் திறந்தவள், குனிந்து அவர் காலைப் பார்த்தாள். அந்த வலது கால் எதையும் மிதிக்காமல், பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து, வேறு யாருடைய காலோபோலக் கிடந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அதை இப்படி அவள் பார்த்ததில்லை. தூக்கத்தில்கூட அது கட்டில் சட்டத்தை மிதித்துக்கொண்டேதான் இருக்கும்.

அவள் தன் சால்வையைச் சுருட்டி அவர் தலைக்குக் கொடுத்துவிட்டு, தனியே இறங்கிப் போனாள்.

மேலே பாறை விளிம்பில் ஒன்றுமே இல்லை. மூடுபனி, வெள்ளை வெளேரென்று, வானத்திலிருந்து கால் நுனி வரை. தடுப்புக் கற்களை ஒட்டி நாற்பது பேர் வரிசையாக நின்று ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே எங்கோ கடல் புரண்டது. பறவைகள் கத்தின. ஒரு ஓஹையோ கனவான் வெள்ளையைப் போட்டோ எடுத்தார். வந்ததற்கு அடையாளமாக ருக்மிணியும் ஒன்று எடுத்தாள்.

பிறகு பழக்க தோஷத்தால் திரும்பி, வண்டிகள் நிற்கும் பக்கம் பார்த்தாள்.

அந்தப் பக்கம் மட்டும் பனி கொஞ்சம் விலகியிருந்தது. கோச் தெரிந்தது. அதன் கடைசி ஜன்னலில், சால்வையில் சாய்ந்த ஒரு வழுக்கைத் தலை தெரிந்தது. அந்தப் பிராந்தியத்திலேயே அப்போது தெளிவாகத் தெரிந்த ஒரே இயற்கைக் காட்சி அதுதான். அவள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கூந்தலில் பனித்துளிகள் கோத்துக்கொண்டன.

திரும்பும்போது கோச் அதே கடற்கரைச் சாலையில் பனிக்குள் மெதுவாக ஊர்ந்தது. ருக்மிணி முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து, சத்தம் வராமல் ஒவ்வொரு துண்டாக வாயில் ஊறவைத்துத் தின்றாள். ஐந்து மணி சுமாருக்கு, கறவைக்குப் போகும் மாடுகள் சாலையை அடைத்தன. முப்பது, நாற்பது இருக்கும். டோனல் என்ஜினை அணைத்தார்.

அந்த நிசப்தம் ஜம்புநாதனை எழுப்பியது. என்ஜின் நின்றால் எழுந்துதானே ஆக வேண்டும். கண்ணைத் திறக்காமலே கேட்டார்: “பார்க்கிங் கெடச்சுதா?”

“கெடச்சுது. நீங்க உக்காருங்க.”

கண்ணைத் திறந்தார். “பாறை வந்துடுச்சா?”

“போயிடுச்சு.”

அவர் முகம் மாறியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். “ஒண்ணே ஒண்ணு கேட்ட. அதுவும்...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். “எழுப்பியிருக்கலாமே ருக்கு.”

“எழுப்பியிருந்தா பனியப் பாத்திருப்பீங்க. ஒண்ணும் தெரியல.”

“உனக்குமா? எதுவுமே தெரியலயா?”

“பஸ் ஜன்னல்ல உங்க தலை தெரிஞ்சுது. அதத்தான் பாத்துட்டு இருந்தேன்.”

அவர் பதில் சொல்வதற்குள் ஒரு மாடு, இப்போது கடல் இருந்த மறுபக்க ஜன்னலுக்கு நேராக வந்து நின்று உள்ளே பார்த்தது. கறுப்பும் வெள்ளையுமாக, ஈர மூக்கோடு, இவர்கள் எந்த ஊர் என்று விசாரிப்பதுபோல. இருவரும் அதைப் பார்த்தார்கள். அதன் முதுகுக்குப் பின்னால் பனி கரைய ஆரம்பித்தது. முதலில் ஒரு கல்வேலி, பிறகு ஒரு வயல், பிறகு வெளிச்சம் ஊற்றிய தண்ணீர், தண்ணீருக்கு மேல் மூன்று தட்டைத் தீவுகள். சாம்பல் பாறைகள் வெள்ளியாகிவிட்டன. டோனல் பாட்டை நிறுத்தியிருந்தார். காமிரா சீட்டுக்கு அடியில் பையில் இருந்தது. குனிந்து எடுத்தால் அந்த நேரத்துக்குள் காட்சி போய்விடும் என்று இருவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். குனியவில்லை.

“ஐந்நூறு அடிக்கு முன்னாடியே மாடு வரும்னு ஒரு போர்டு வெச்சிருக்கலாம்,” என்றார் ஜம்புநாதன்.

“என்னங்க.”

“பாக்கறேன்.”

பார்த்தார். மாடுகள் கடந்துபோகப் பதினோரு நிமிடம் ஆயிற்று. கால் அசையவில்லை.

பிரிட்ஜ்வாட்டர் வழக்கப்படி ஆகஸ்டில் ஸ்லைடு ஷோ நடந்தது. ஹாலில் வெள்ளைப் படுக்கை விரிப்பு, வட்டத் தட்டு ப்ரொஜெக்டர், எல்லோருக்கும் சமோசா. மேர்சி வந்திருந்தாள், ஊரில் யார் ஸ்லைடு போட்டாலும் முதல் வரிசையில் உட்காரும் சந்தானமும் வந்திருந்தார். கால்வே கடைத்தெரு, டோனலின் கன்னம், டீக்கடை. அடுத்த க்ளிக்கில் விரிப்பு முழுக்க வெறும் வெள்ளை.

“ஸ்லைடு மாட்டல போலருக்கு சார்,” என்றார் சந்தானம்.

“மாட்டியாச்சு. இதான் மோஹர் பாறை.”

“எங்க?”

“பின்னாடி இருக்கு.”

சந்தானம் சமோசாவைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். “இதுக்கா அவ்ளோ தூரம் போனீங்க? வேற ஒண்ணும் பாக்கலயா?”

“ஒரு மாடு பாத்தோம்,” என்றாள் ருக்மிணி.

“ஸ்லைடு?”

“எடுக்கல.”

வெள்ளை வெளிச்சத்தில் நாகி அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். “டிட் ஹி சிட்?” என்றாள் ரகசியமாக.

“பதினோரு நிமிஷம்,” என்றாள் அம்மா.

அடுத்த ஜூனில் அத்தானின் சம்பந்தி ஜம்புவின் புகழைக் கேள்விப்பட்டு, தன் தம்பியையும் அவர் மனைவி ராஜலக்ஷ்மியையும் அனுப்பிவைத்தார். பிள்ளையார், சுதந்திர தேவி, புளியோதரை, எட்டு மணி நேரம். பதினெட்டாவது நயாகரா. இரைச்சல் கேட்கும் இடத்தில் ஜம்புநாதன் வண்டியை நிறுத்தினார். விருந்தினர்கள் இறங்கினார்கள். ருக்மிணி இறங்கவில்லை. கைப்பையையும் மழைக்கோட்டுகளையும் ஜன்னல் வழியே ராஜலக்ஷ்மியிடம் கொடுத்தாள்.

“நீங்க பாத்துட்டே இருங்க,” என்றாள். “நாங்க பார்க் பண்ணிட்டு வந்துடறோம்.”

பார்க்கிங் வழக்கம்போல ஒரு மைல் தள்ளிக் கிடைத்தது. ஜம்புநாதன் என்ஜினை அணைத்தார். மரங்களுக்கு மேலே, அருவியின் பக்கம், புகைபோல ஒரு வெண்மை எழும்பி வானத்தோடு கலந்துகொண்டிருந்தது. இரைச்சல் இங்கே வரும்போது யாரோ தூக்கத்தில் மூச்சுவிடுவதுபோல ஆகியிருந்தது. ருக்மிணி சுருள் மேப்பை மூடி டாஷ்போர்டுக்குள் போட்டாள். அவர் சீட்டைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தார்.

“போலாமா? காத்துட்டு இருப்பாங்க,” என்றார், நகராமல்.

“இருக்கட்டும்.”

இருவரும் அந்த வெண்மையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ருக்மிணி, எதையோ தேடுபவள்போலக் குனிந்து, அவர் வலது கால் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.